தரை டிக்கெட்டில் ஷேக்ஸ்பியர்

லண்டனில் தேம்ஸ் நதியின் தென்கரையில், ஷேக்ஸ்பியர் நாடகங்கள் ஆடும் குளோப் அரங்கில், மேடைக்கு மிக அருகில் இருக்கும் இடத்துக்குத்தான் டிக்கெட் விலை மிகக் குறைவு. அங்கே நாற்காலி கிடையாது, கூரை கிடையாது. கிட்டத்தட்ட மூன்று மணி நேரம் நின்றுகொண்டே பார்க்க வேண்டும். 1997-ல் அரங்கம் திறந்ததிலிருந்து இருபது ஆண்டுகளுக்கும் மேலாக அந்த இடத்துக்கு 5 பவுண்டுதான் வாங்கினார்கள். இப்போது கொஞ்சம் ஏறியிருக்கிறது என்றாலும் லண்டனின் மற்ற நாடக அரங்குகள் கேட்கும் தொகைக்கு முன்னால் அது ஒன்றுமே இல்லை. வெளிநாட்டிலிருந்து போகிறவர்கள் பலர், வந்தது வந்தோம் வசதியாகப் பார்ப்போம் என்று மாடத்தில் இருக்கை எடுத்துவிடுகிறார்கள். முழங்கால் ஒத்துழைக்கிறவர்கள் எல்லாரும் தரை டிக்கெட்தான் எடுக்க வேண்டும் என்பது என் கட்சி. ஷேக்ஸ்பியரின் வசனம் எதற்காக அப்படி எழுதப்பட்டது என்பது அந்த முற்றத்தில் நிற்கும்போது சட்டென்று பிடிபடும். காசு மிச்சமாவது அதற்கு மேல் கிடைக்கும் லாபம்.

கட்டடம் இருபது பக்கங்கள் கொண்டது. சற்றுத் தள்ளி நின்று பார்த்தால் வட்டமாகத் தெரியும். குறுக்களவு ஏறத்தாழ 100 அடி. சுற்றிலும் மூன்று அடுக்கு மாடங்கள், அவற்றின் மேல் நாணல் வேய்ந்த கூரை, நடுவில் வானம் பார்த்த முற்றம். அந்த முற்றத்துக்குள் நீட்டிக்கொண்டு வருகிறது மேடை. அதன் மூன்று பக்கமும் ஜனங்கள் நிற்கிறார்கள். மேடை சுமார் ஐந்தடி உயரம் என்பதால் முன்வரிசையில் இடம் பிடித்தவர் அதன் விளிம்பில் முழங்கையை ஊன்றிக்கொள்ளலாம். உயரம் குறைந்தவருக்கு மோவாய் வரை வரும். வசனம் பேசும் நடிகரின் எச்சில் தெறிக்கும் தூரம்தான். மேடைக்கு மேலே, பளிங்கு போல வண்ணம் தீட்டிய இரண்டு ஓக் தூண்கள் தாங்கும் ஒரு கூரை. அதன் அடிப்பக்கத்தில் சூரியன், சந்திரன், நட்சத்திரங்கள், ராசிகள். நாடகக்காரர்கள் அதை சொர்க்கம் என்கிறார்கள். மேடைப் பலகையில் ஒரு கதவு வெட்டியிருக்கிறது. அதற்குக் கீழே நரகம். ஹாம்லெட்டின் அப்பாவுடைய ஆவி தரைக்கடியிலிருந்து குரல் கொடுப்பது அங்கிருந்துதான். மொத்தம் சுமார் 1,500 பேர் பார்க்கலாம். அதில் ஏறத்தாழ 700 பேர் நிற்கிறவர்கள்.

இது பழைய அரங்கல்ல, பழையதைப் பார்த்துக் கட்டிய புதியது. பழைய குளோப் பிறந்த கதையே ஒரு குத்தகைத் தகராறு. ஷேக்ஸ்பியரின் குழு முன்பு ஆடிக்கொண்டிருந்தது நகரத்துக்கு வடக்கே ஷோர்டிச்சில், ஜேம்ஸ் பர்பேஜ் 1576-ல் கட்டிய அரங்கத்தில். குத்தகைக் காலம் முடிந்தது. நிலத்தின் சொந்தக்காரர் ஜைல்ஸ் ஆலன் புதுப்பித்துத் தராமல் இழுத்தடித்தார். மண் அவருடையதாக இருக்கலாம், மேலே நிற்கும் மரம் எங்களுடையது என்றார்கள் பர்பேஜின் மகன்கள். 1598 கிறிஸ்துமஸ் சமயத்தில், ஆலன் ஊரில் இல்லாத நேரம் பார்த்து, பீட்டர் ஸ்ட்ரீட் என்ற தச்சரையும் ஆட்களையும் கூட்டிக்கொண்டு போய் அரங்கத்தையே பிரித்து எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்கள். அந்த மரங்கள் தேம்ஸைத் தாண்டி பேங்க்சைடுக்கு வந்து 1599-ல் குளோப் ஆக எழுந்து நின்றன. ஆலன் கோர்ட்டுக்குப் போய்ப் பார்த்தார், பலிக்கவில்லை. புது அரங்கின் பங்குதாரர்களில் ஷேக்ஸ்பியரும் ஒருவர். எழுதியவரே கல்லாவிலும் பங்கு வைத்திருந்தார் என்பதை அவர் நாடகங்களைப் படிக்கும்போது நாம் மறந்துவிடுகிறோம். முற்றத்தில் நிற்கிறவன் பாதியில் கிளம்பிப் போய்விடக் கூடாது என்ற கவலை அவருக்கு நிச்சயம் இருந்திருக்கும்.

அந்தக் காலத்திலும் வெளியூர்க்காரர்கள் வந்தார்கள். அதே 1599 செப்டம்பரில் சுவிட்சர்லாந்திலிருந்து வந்திருந்த தாமஸ் பிளாட்டர், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டு மணிவாக்கில் ஆற்றைக் கடந்துபோய், நாணல் கூரை போட்ட அரங்கில் ஜூலியஸ் சீசரின் கதையைப் பார்த்ததாகக் குறித்துவைத்திருக்கிறார். அது புதுக் குளோப்தான் என்று ஆய்வாளர்கள் பெரும்பாலும் கருதுகிறார்கள். நம் காலத்துச் சுற்றுலாக் கையேட்டைப் போலவே கட்டண விவரமும் கொடுக்கிறார். நின்று பார்க்க ஒரு பென்னி, உட்கார வேண்டுமென்றால் இன்னொரு பென்னி, நாமும் நன்றாகப் பார்த்து மற்றவர்களும் நம்மைப் பார்க்கும்படி மெத்தை போட்ட இடம் வேண்டுமென்றால் அதற்கு மேலும் ஒரு பென்னி. இடையிடையே தின்னவும் குடிக்கவும் கொண்டுவந்து விற்கிறார்கள் என்கிறார். அவர் தாய்மொழி ஜெர்மன். சீசரின் வசனத்தில் அவருக்கு எவ்வளவு புரிந்தது என்பதைச் சொல்லவில்லை. நன்றாக நடித்தார்கள், கடைசியில் அழகாக ஆடினார்கள் என்று மட்டும் எழுதியிருக்கிறார்.

அந்த அரங்கம் 1613 ஜூன் 29 அன்று எரிந்துபோனது. எட்டாம் ஹென்றி பற்றிய நாடகத்தில் அரசன் வரும் காட்சிக்கு பீரங்கி வெடித்தார்கள். பொறி கூரையில் விழுந்தது. உயிர்ச்சேதம் இல்லை. ஒருவருடைய கால்சட்டையில் தீப்பிடித்ததாகவும், கையில் இருந்த பீர் பாட்டிலை ஊற்றி அணைத்ததாகவும் ஹென்றி வாட்டன் என்ற ராஜதந்திரி சில நாள் கழித்து எழுதிய கடிதத்தில் சிரித்துக்கொண்டே சொல்கிறார். அடுத்த ஆண்டே ஓட்டுக்கூரையுடன் மறுபடி கட்டினார்கள். 1642-ல் நாடாளுமன்றம் நாடகங்களுக்குத் தடை போட்டதும் அதன் கதை முடிந்தது.

இன்றைய குளோப் ஒரு அமெரிக்க நடிகரின் பிடிவாதம். சாம் வானமேக்கர் 1949-ல் லண்டன் வந்து தேடியபோது, ஒரு மதுபான ஆலையின் சுவரில் பதித்த பலகையைத் தவிர எதுவும் இல்லை. 1970-ல் அறக்கட்டளை தொடங்கி, பணத்துக்கும் இடத்துக்கும் அலைந்து, கட்டடம் பாதி எழும்பிக்கொண்டிருந்த 1993-ல் இறந்துபோனார். பழைய அரங்கு இருந்த இடத்திலிருந்து சுமார் 230 மீட்டர் தள்ளித்தான் இது நிற்கிறது. பழையதன் அஸ்திவாரத்தில் ஒரு சிறு பகுதி 1989-ல் கிடைத்தது. அதன் மேல் பாதுகாக்கப்பட்ட கட்டடங்கள் இருப்பதால் முழுவதும் தோண்ட முடியவில்லை. மீதியெல்லாம் பழைய வரைபடங்களையும், அதே பீட்டர் ஸ்ட்ரீட் இன்னொரு அரங்குக்காக எழுதிக்கொடுத்த ஒப்பந்தத்தையும் வைத்து அனுமானித்தது. ஓக் மரம், மர ஆணிகள், சுண்ணாம்புப் பூச்சு எல்லாம் அந்தக் கால முறைப்படி. 1666-ல் லண்டனை அழித்த பெருந்தீக்குப் பிறகு நகரத்தில் நாணல் கூரை போட அனுமதி கிடைத்த முதல் கட்டடம் இது. கூரை உச்சியில் தண்ணீர் தெளிப்பான்கள் வரிசையாக இருக்கின்றன, 1613 மறக்கவில்லை.

அன்றைக்கு 3,000 பேர் வரை நெருக்கியடித்த இடத்தில் இன்று பாதிப் பேர்தான். படிக்கட்டுகளும் வாசல்களும் தீயணைப்புத் துறைக்கு ஏற்றபடி அகலமானவை. இதனால் சில அறிஞர்கள் இதை வெறும் சுற்றுலாப் பொருள் என்று ஒதுக்கினார்கள். கட்டடத்தின் அளவுகள் தப்பாக இருக்கலாம். ஆனால் வெளிச்சம் தப்பாகப் போகவில்லை, எனக்கு முக்கியம் அதுதான்.

வெளிச்சம் என்று சொல்வது இதை: பழைய குளோபில் நாடகம் மதியம் இரண்டு மணிக்கு. இரவுக் காட்சி கிடையாது, மேடை விளக்கு கிடையாது. நடிகருக்கு விழுகிற அதே பகல் வெளிச்சம்தான் பார்க்கிறவருக்கும். மேடை சூரியனுக்கு முதுகைக் காட்டி நிற்பதால் நடிகர்கள் நிழலில் இருக்கிறார்கள், வெயில் நம் முகத்தில். இன்றைய குளோபிலும் மதியக் காட்சி அப்படியே. மாலைக் காட்சிக்கு ஃபிளட்லைட் போடுகிறார்கள். அதுவும் மேடைக்கும் முற்றத்துக்கும் மாடத்துக்கும் ஒரே மாதிரி பரவுகிற வெளிச்சம்.

இப்போது ஹாம்லெட்டின் முதல் வரியை எடுத்துக்கொள்ளுங்கள். கோட்டைக் காவலுக்கு வரும் பெர்னார்டோ, “யார் அங்கே?” என்கிறான். காவலில் நிற்பவன் கேட்க வேண்டிய கேள்வி அது, வருகிறவன் கேட்கிறான். நிற்பவன் எரிச்சலோடு, “நீ முதலில் சொல். நில், யாரென்று காட்டு” என்கிறான். அடுத்த சில வரிகளில் மணி பன்னிரண்டு அடித்துவிட்டது என்றும், குளிர் கொல்கிறது என்றும் வந்துவிடுகிறது. வகுப்பறையில் இதை ‘பதற்றமான தொடக்கம்’ என்று குறிப்பு எடுத்திருப்போம். முற்றத்தில், பட்டப்பகலில் பார்த்தால் வேறொன்று நடக்கிறது. இரண்டு நடிகர்களும் நம் கண்ணுக்குத் தெளிவாகத் தெரிகிறார்கள். ஒருவரை ஒருவர் பார்க்க முடியாதது போல அவர்கள் தடவிக்கொண்டு நிற்கிறார்கள். ஆறேழு வரிக்குள் 1,500 பேரும் இருட்டை ஒப்புக்கொண்டுவிடுகிறார்கள். வசனம்தான் சுவிட்சைப் போடுகிறது.

மெக்பத் இதில் இன்னும் ஒரு படி மேலே. நாடகத்தில் பாதிக்கு மேல் இரவிலும் மங்கலிலும் நடக்கிறது. அரசன் கொலையாவதற்கு முந்தைய நடுநிசியில், மெக்பத்தின் சக தளபதி பாங்கோ தன் மகனிடம், “இரவு எவ்வளவு ஆகியிருக்கும்?” என்று கேட்கிறான். “நிலா இறங்கிவிட்டது, மணிச் சத்தம் கேட்கவில்லை” என்கிறான் பையன். வானத்தில் சிக்கனம் பிடிக்கிறார்கள் போல, விளக்கெல்லாம் அணைந்து கிடக்கிறது என்று பாங்கோ சொல்கிறான். அவன் கையில் ஒரு பந்தம் கொடுத்தால் போதும், பகலில் பந்தம் பிடித்து நடக்கிறவன் இருக்கும் இடம் இருட்டு. பின்னால் அதே பாங்கோவைக் கொலைகாரர்கள் வெட்டும்போது ஒருவன் பதறி, “விளக்கை அணைத்தது யார்?” என்கிறான். மின்விளக்கு மேடையில் அந்த வரிக்கு வேலையே இல்லை, ஆபரேட்டர் பார்த்துக்கொள்வார். சைமன் ஃபோர்மன் என்ற வைத்தியர் 1611 ஏப்ரலில் குளோபில் இந்த நாடகத்தைப் பார்த்து எழுதிவைத்த குறிப்பு இருக்கிறது. பாங்கோவின் ஆவி வந்து மெக்பத்தின் நாற்காலியில் உட்கார்ந்ததை அவர் மறக்காமல் எழுதுகிறார். அந்தப் பேய் வந்தது ஏப்ரல் மாதத்துப் பிற்பகலில்.

வெளிச்சம் பொதுவாக இருப்பதன் இன்னொரு பலன், நடிகர் நம்மைப் பார்க்கிறார். சாதாரண அரங்கில் அவர் கண்ணுக்குத் தெரிவது கறுப்பு. தனிமொழி என்றால் தனக்குத்தானே முணுமுணுப்பது என்று நாம் நினைத்துக்கொண்டிருப்பது அந்தக் கறுப்பினால்தான். குளோபில் மூன்றாம் ரிச்சர்ட் தன் சதித்திட்டத்தை மேடை விளிம்பில் உட்கார்ந்து உங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்கிறான். நீங்கள் தலையாட்டினால் கூட்டாளி. “நான் கோழையா?” என்று ஹாம்லெட் கேட்டால், எழுதியிருப்பது கேள்விக்குறியோடுதான், கூட்டத்திலிருந்து பதில் வரலாம், வந்தும் இருக்கிறது. எதிரில் இருப்பவர்களைக் கதைக்குள் இழுத்துப்போடும் இந்த வித்தை நம் கூத்தில் கட்டியங்காரனுக்குக் கைவந்தது. நமக்கு ஷேக்ஸ்பியர் வந்து சேர்ந்த வழி மட்டும் வேறு. பம்மல் சம்பந்த முதலியார் ஹாம்லெட்டை ‘அமலாதித்யன்’ ஆக்கியபோது, அது ஏறியது திரைகட்டிய சபா மேடையில். பிறகு பாடப்புத்தகம். இரண்டிலும் முற்றம் கிடையாது.

தரையில் நிற்பவர்களை ஷேக்ஸ்பியர் வம்புக்கும் இழுத்திருக்கிறார். நடிகர்களுக்கு ஹாம்லெட் புத்திமதி சொல்லும் இடத்தில், தரைக்காரர்களின் காது கிழியக் கத்தாதே, அவர்களில் பெரும்பாலோருக்கு ஊமைக்கூத்தும் சத்தமும் தவிர ஒன்றும் விளங்காது என்று வருகிறது. புத்தகத்தில் இது இளவரசனின் அலட்சியம். முற்றத்தில் 700 பேர் முகத்துக்கு நேரே இதைச் சொல்லும்போது ஒரு பெரிய ‘ஓ’ எழும்புகிறது, நடிகர் அது அடங்கும் வரை காத்திருக்கிறார். ஒரு பென்னி கொடுத்து வந்தவனை அவன் காசிலேயே கிண்டல் பண்ணி, அவனையே சிரிக்க வைத்திருக்கிறார் மனிதர்.

இந்தப் பொது வெளிச்சம் எவ்வளவு பெரிய விஷயம் என்பது 2016-ல் வெட்டவெளிச்சமானது. அந்த ஆண்டு கலை இயக்குநராக வந்த எம்மா ரைஸ், மேடை விளக்குகளும் ஒலிபெருக்கிகளும் பொருத்தி நாடகம் போட்டார். கூட்டம் குவிந்தது, விமர்சனமும் நன்றாகவே வந்தது. ஆனாலும் சில மாதங்களிலேயே, 2018-ல் அவர் விலகுவார் என்று நிர்வாகக் குழு அறிவித்துவிட்டது. வசூலில் குறையில்லை, அரங்கம் எதற்காகக் கட்டப்பட்டதோ அந்த வெளிச்ச முறைக்குத் திரும்புகிறோம் என்பதே அவர்கள் சொன்ன காரணம். பெரிய சண்டை நடந்தது. நாடகக் கலையை அருங்காட்சியகத்தில் பூட்டுகிறார்கள் என்றார்கள் ஒரு பக்கத்தார். விளக்கு வேண்டுமென்றால் லண்டனில் நூறு அரங்கு இருக்கிறது என்றார்கள் மறுபக்கத்தார். ஒருவரை இரண்டு சீசனில் அனுப்பிவைத்த விதம் எனக்கு ஒப்பவில்லை. ஆனால் விளக்கு விஷயத்தில் இரண்டாவது கட்சிதான் சரி. வசனமே போட்டுவிட்ட விளக்கை மறுபடி ஒயர் இழுத்துப் போடுவானேன்? அவருக்குப் பின் வந்த மிஷெல் டெரி பழைய வெளிச்சத்துக்கே திரும்பினார்.

திறந்தவெளி என்றால் மழையும் உண்டு. குளோபில் மழைக்காக நாடகம் நிற்காது. முற்றத்தில் குடை விரிக்க விடமாட்டார்கள், பின்னால் நிற்பவருக்கு மறைக்கும் என்பதால். அங்கேயே பிளாஸ்டிக் மழை அங்கி விற்கிறார்கள். ஒரு தூறல் விழுந்ததும் 700 பேரும் ஒரே நேரத்தில் அதை மாட்டுகிற சரசரப்பில் இரண்டு வரி வசனம் காணாமல் போகும். மாடத்தில் இருப்பவர்கள் நனையாமல் வேடிக்கை பார்ப்பார்கள். தலைக்கு மேலே விமானமும் ஹெலிகாப்டரும் போகும், புறா மேடைக்கு வரும். நல்ல நடிகர் புறாவையும் சேர்த்து நடித்துவிடுவார்.

நாடகம் நடக்கும்போது முற்றத்தில் தரையில் உட்காரக் கூடாது. கால் கடுத்து ஒருவர் குத்தவைத்தாலும் தன்னார்வலர் ஒருவர் மெதுவாக வந்து எழுப்பிவிடுவார். நிற்பதும் வெயிலும் மேடை ரத்தமும் சேர்ந்தால் சிலருக்கு ஆகாது. 2014-ல் டைட்டஸ் அன்ட்ரோனிகஸ் ஆடியபோது பார்க்க வந்தவர்கள் மயங்கி விழுந்தது பத்திரிகைச் செய்தியானது. ஆகவே சாப்பிட்டுவிட்டுப் போங்கள், தண்ணீர் குடித்துவிட்டுப் போங்கள். கதவு திறப்பதற்கு முன்னால் கியூவில் நின்றால் மேடை விளிம்பு கிடைக்கும். பிந்திவிட்டால் முற்றத்தின் பின்பக்கம் மாடத்துச் சுவரில் சாய்ந்துகொள்ளலாம்; கண்ணுக்கு நஷ்டம், முதுகுக்கு லாபம். இரண்டுக்கும் நடுவில் நிற்பதுதான் வீண். மாடத்தில் இருக்கை எடுப்பதானால் அது சாய்மானம் இல்லாத பெஞ்சு என்பதையும், சில இடங்களில் அந்த ஓக் தூண் கதாநாயகனையே மறைக்கும் என்பதையும் மனதில் வைத்து எடுங்கள். குஷன் வாடகைக்குக் கிடைக்கும்.

எல்லாத் திறந்தவெளி ஷேக்ஸ்பியரும் இப்படி இல்லை. அதே லண்டனில் ரீஜன்ட்ஸ் பூங்கா அரங்கு 1932-லிருந்து இருக்கிறது. மரங்களுக்கு நடுவே அரைவட்ட இருக்கைகள், ஒழுங்கான மேடை விளக்குகள். மழை வலுத்தால் நிறுத்திவிடுவார்கள். அதே 1932-ல் கார்ன்வாலில் ரொவீனா கேட் என்ற பெண்மணி தன் வீட்டுக்குக் கீழே கடலோரப் பாறையைச் செதுக்கிக் கட்டிய மினாக் அரங்கில் ‘புயல்’ நாடகத்தோடு ஆரம்பித்தார்கள். கார் முகப்பு விளக்குகளும் மேடைக்கு உதவின. நியூயார்க்கில் சென்ட்ரல் பார்க்கின் டெலகோர்ட் அரங்கம் 1962-ல் திறந்தது. நாடகத் தயாரிப்பாளர் ஜோசப் பாப்பின் போராட்டத்தால் அங்கே டிக்கெட் இன்றுவரை இலவசம், கியூதான் விலை. மூன்றும் அழகான இடங்கள். ஆனால் மூன்றிலும் இருட்டியதும் விளக்கு மேடைமேல் குவியும், நாம் இருட்டில் மறைந்துவிடுவோம். வானம் திறந்திருக்கிறதே தவிர நாடகம் நடக்கும் விதம் உள்ளரங்கு மாதிரிதான்.

நம் ஊரிலிருந்து போகிறவர்களுக்கு உள்ளூர இருக்கும் தயக்கம் மொழி. நானூறு வருஷத்துப் பழைய ஆங்கிலம், அதுவும் வேகமாக. மறைக்க வேண்டியதில்லை, அங்கே நிற்கும் இங்கிலாந்துக்காரர்களுக்கும் பாதிதான் புரிகிறது. 2012-ல் லண்டன் ஒலிம்பிக்கை ஒட்டி குளோபில் 37 நாடகங்களை 37 மொழிகளில் போட்டார்கள். ஹிந்தி, குஜராத்தி, வங்காளம், உருது எல்லாம் மேடையேறின. தமிழ் இல்லை, இது எனக்கு இன்னும் ஒரு குறை. முந்தைய ஆண்டுதான் தனிநாடான தெற்கு சூடானிலிருந்து வந்த குழு ஜூபா அரபியில் நடித்தது. திரையில் வரிக்கு வரி மொழிபெயர்ப்பு ஓடவில்லை, காட்சிக்கு ஒரு சுருக்கம் மட்டும். மொழி தெரியாதவர்களும் கூட்டத்தில் நிறைய இருந்தார்கள். யார் பொய் சொல்கிறான், யார் பயப்படுகிறான் என்பதை ஐந்தடி தூரத்தில் முகம் சொல்லிவிடுகிறது. கதையை முன்கூட்டிப் படித்துவிட்டுப் போனால் போதுமானது. வசனத்தை மனப்பாடம் செய்துகொண்டு போகிறவர்கள் வாயை அசைத்துக்கொண்டே நிற்பார்கள், பக்கத்தில் மாட்டிக்கொள்ளாதீர்கள்.

முடிந்ததும் அவசரப்பட்டு வெளியேற வேண்டாம். சோகநாடகமாக இருந்தாலும் செத்துக் கிடந்தவர்கள் உட்பட எல்லாரும் எழுந்து வந்து ஓர் ஆட்டம் போடுவார்கள். பிளாட்டர் பார்த்து எழுதிய வழக்கம் அது. முதல் தடவை பார்க்கிறவருக்கு, இவ்வளவு நேரம் அழுததெல்லாம் எதற்கு என்று கொஞ்சம் கோபம்கூட வரும்.

சீசன் ஏறத்தாழ ஏப்ரலில் தொடங்கி அக்டோபரில் முடிகிறது. எந்த நாடகம் என்று கேட்டால், முதல் முறைக்கு நகைச்சுவை நாடகம் பாதுகாப்பு. கூட்டம் சேர்ந்து சிரிப்பதில் பாதி மொழிப் பிரச்சினை தீர்ந்துவிடும். மெக்பத்தோ ஹாம்லெட்டோ ஓடுகிற சமயமாக அமைந்தால், எல்லாரும் சொல்வது போல ‘சூழ்நிலைக்காக’ மாலைக் காட்சி எடுக்காதீர்கள். மதியம் இரண்டு மணிக் காட்சிக்கே போங்கள், தொப்பி கட்டாயம்.